தொட்டி மூடிமேல் ஒரு பரிசோதகர்

தொர்கெல் வீட்டு ஈஸ்ட் ஒரு தடவை பாதிரியாரையே தூக்கிவிட்டது. பாதிரியார் என்றால் எலும்பும் தோலுமான ஆள் அல்ல. நிறைசினைப் பசுவுக்கு நிகரான உடம்பு. பீர் நொதித்துக்கொண்டிருந்த மரத்தொட்டியின் மூடி கதகதப்பாக இருக்கிறதே, மூட்டுவலிக்கு இதமாக இருக்குமே என்று அதன்மேல் உட்கார்ந்தாராம். ஒரு வாய் காப்பி உள்ளே இறங்குவதற்குள் மூடி எழும்பிற்று. மூடியோடு பாதிரியாரும் எழும்பினார். உத்தரத்தில் தலை இடித்த பிறகுதான், தான் சொர்க்கத்துக்குப் போகவில்லை, தொர்கெலின் அடுப்புக்கொட்டகையில்தான் இருக்கிறோம் என்று அவருக்கு விளங்கிற்றாம். ஏணி வைத்து இறக்கினார்கள். இறங்கியவர் முதலில் கேட்டது இன்னொரு குவளை.

இதை தொர்கெல் கல்யாண வீட்டில் சொல்வார், சாவு வீட்டில் சொல்வார், படகுத்துறையில் மீன் வாங்க வந்தவரை நிறுத்தி வைத்துச் சொல்வார். அந்தப் பாதிரியார் காலமாகி நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்டதால் போய்க் கேட்கவும் வழியில்லை. மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு புகுந்த அந்த ஃபியோர்டின் இரண்டு கரையிலும் இதை நம்பியவர் யாரும் கிடையாது. ஆனால் முகத்துக்கு நேரே ‘பொய்’ என்று சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவர் எய்லிவ்.

எய்லிவ் முப்பத்தோரு ஆண்டுகள் ஃபியோர்டு கடக்கும் படகில் பயணச்சீட்டுப் பரிசோதகராக இருந்தவர். கார்களை ஏற்றிச் செல்லும் பெரிய படகு. வண்டிக்கு ஒரு சீட்டு, உள்ளே இருக்கும் ஒவ்வொரு தலைக்கும் ஒரு சீட்டு. தலையைக் குறைத்துக் காட்டுவதற்குச் சனங்கள் என்னென்ன செய்வார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். டிக்கியில் மாமியாரைப் படுக்கவைத்தவனைப் பிடித்திருக்கிறார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உருளைக்கிழங்கு மூட்டையாக நடித்தவனை மூக்குப்பொடி தூவிப் பிடித்திருக்கிறார். ஆட்டு லாரியில் நாற்பது ஆடுகளுக்கு நடுவே தோலைப் போர்த்தி நாலுகாலில் நின்ற ஒருவனை, எந்த ஊரில் ஆடு மூக்குக்கண்ணாடி போடுகிறது என்று கேட்டு இறக்கியிருக்கிறார். பிறகு ஓய்வு பெற்றார். ஓய்வு அவருக்குத்தான், அவருடைய சந்தேகத்துக்கு இல்லை. பார்க்கப் படகு இல்லாமல் போகவே அது பக்கத்துப் பண்ணையை முழுநேரமும் பார்க்கத் தொடங்கியது. நடுவில் ஓர் ஓடை. அதற்கு அந்தப்பக்கம் தொர்கெல்.

அந்தப் பள்ளத்தாக்கில் பீர் வடிக்காத வீடு கிடையாது. வீட்டுக்கு வீடு தனி ஈஸ்ட். தொட்டியில் நுரை அடங்கியதும் அடியில் தங்கிய ஈஸ்ட்டில் மரவளையத்தைத் தோய்த்து, காயவைத்து, அடுத்த முறை வரை உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். எய்லிவ் வீட்டு வளையம் அவருடைய கொள்ளுத்தாத்தா செதுக்கியது. அதில் வடித்த பீரில் ஆரஞ்சுத் தோல் வாசம் வீசும். அந்தக் குளிர்தேசத்தில் ஆரஞ்சு மரத்தை யாரும் கண்ணால் பார்த்தது கிடையாது என்றாலும் வீசும். ஈஸ்ட்டை விற்கக்கூடாது. கல்யாணத்துக்கோ சாவுக்கோ வடிக்க வேண்டும் என்று ஒருவர் வந்து கேட்டால் இல்லை என்றும் சொல்லக்கூடாது. கேட்பவருக்குத்தான் தலைகுனிவு. தன் வீட்டு ஈஸ்ட்டைக் காக்கத் துப்பில்லாதவர் என்று ஆகிவிடும்.

எய்லிவின் மகள் யோருன்னுக்குச் சனிக்கிழமை கல்யாணம். மாப்பிள்ளை பெர்கன் நகரத்துக்காரன். கல்யாணப் பீரைப் பெண்ணைப் பெற்றவர் தன் கையால் வடிக்க வேண்டும். அக்கரையில் ஒரு வீட்டில் அது முடியாமல் கடைப் பீரை மேசையில் வைத்தார்கள். அந்த மணமக்கள் பேரன் பேத்தியே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அந்த வீட்டுக்குப் பெயர் ‘பாட்டில் வீடு’. எய்லிவுக்கு உலகத்தில் பயம் என்று இருந்தது அந்த ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை வடித்தார். எதிலும் குறை வைக்கவில்லை. ஜூனிப்பர் கிளையைச் சாலையோரத்தில் வெட்டாமல் மலைமேல் ஏறி, காய் நீலம் ஏறிய செடியாகப் பார்த்து வெட்டி வந்தார். தொட்டிக்குச் சோப்பு காட்டாமல், ஜூனிப்பர் கொதித்த தண்ணீரை மூன்று முறை ஊற்றிக் கழுவினார். சோப்பு பட்ட தொட்டியில் நுரை நிற்காது என்பது அங்கே பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அதே தண்ணீரில் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, ஊறவைத்து வடித்து, சாற்றைக் கறந்த பாலின் சூட்டுக்கு ஆறவிட்டார். முழங்கையை விட்டுச் சூடு பார்த்தார். முழங்கையை நம்பாமல் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார். தெர்மாமீட்டரை நம்பாமல் மனைவி குன்வோரைக் கூப்பிட்டு அவள் முழங்கையையும் விடச் சொன்னார். பிறகு வளையத்தை உள்ளே இறக்கினார்.

இறக்கும்போது தொண்டை கிழியக் கத்த வேண்டும், அது வழக்கம். எவ்வளவு சத்தமோ அவ்வளவு வீரியம் பீருக்கு. எய்லிவ் கத்தவில்லை. கத்தினால், வளையம் வெளியே வந்துவிட்டது என்று ஓடைக்கு அப்பால் தெரிந்துபோகுமே.

திங்கள் காலை தொட்டியில் காதை வைத்தார். உயிருள்ள ஈஸ்ட் பாதி நாளுக்குள் கற்பலகைக் கூரையில் மழை விழுவதுபோல் சடசடக்க வேண்டும். உள்ளே மயானம். மூடியைத் திறந்தார். நுரையில்லை, குமிழியில்லை, காற்றில்லாத நாளின் மலை ஏரி மாதிரிக் கிடந்தது சாறு. குளிர்ந்துவிட்டதோ என்று தொட்டிக்குக் கம்பளி சுற்றினார். காற்றுப் பட்டால் எழும்பும் என்று துடுப்பால் கலக்கினார். ஒரு பிடி சர்க்கரை போட்டார். தன்னுடைய குளிர்கோட்டையும் கழற்றிப் போர்த்தினார். மதியம் வரை பார்த்தார். கோட்டுக்குத்தான் வேர்த்தது.

அதற்குமேல் அவர் வடிப்பவராக இல்லை, பரிசோதகராகிவிட்டார். போன சனிக்கிழமை வந்த மாப்பிள்ளை தொட்டியைத் தட்டிப் பார்த்தானே, எதற்குத் தட்டினான்? பூனை இரண்டு நாளாகக் கொட்டகைப் பக்கம் வரவில்லை, அதற்கு என்ன தெரியும்? குன்வோர் புதிதாக ஒரு சோப்பு வாங்கினாளே? எல்லாவற்றுக்கும் மேலாக தொர்கெல்: ஞாயிறு மாலை ஓடையில் தூண்டில் போட்டுக்கொண்டு நின்றார். அந்த ஓடையில் மீன் கிடையாது. மீனில்லாத ஓடையில் தூண்டில் போடுகிறவர் எதைப் பிடிக்கப் போடுகிறார்?

கொட்டகை வாசலில் குதிகால் உடைந்த பூட்ஸ் தடம் ஒன்று கிடைத்தது. எய்லிவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அளவெடுத்தார். தடத்தைத் தொடர்ந்து கோழிக்கூண்டைச் சுற்றி, விறகுக் குவியலைச் சுற்றி, சமையலறை வாசல் வரை குனிந்தபடியே வந்தார். அங்கே கழற்றி வைத்திருந்த பூட்ஸில் குதிகால் உடைந்திருந்தது. அது அவருடைய பூட்ஸ். அதைக்கூட அவர் உடனே நம்பிவிடவில்லை. தொர்கெல் அதைப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம் அல்லவா?

குன்வோர் இதையெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு இருந்தவள், கடைசியில் பேசாமல் வந்து வளையத்திலிருந்து ஒரு செதில் சுரண்டினாள். வெதுவெதுப்பான சர்க்கரைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். உயிர் இருந்தால் அரைமணியில் மேலே பொங்கும். முக்கால் மணி கழித்தும் செதில் அடியில் படுத்துக் கிடந்தது.

“செத்துப்போச்சு எய்லிவ்,” என்றாள். “குளிர்காலம் பூரா இத எங்க வெச்சிருந்த? உத்தரத்துல இல்லையே, நானும் பாத்துட்டுத்தான இருந்தேன்.”

எய்லிவ் ஜன்னலைச் சாத்தினார். கதவையும் சாத்தினார். இலையுதிர் காலத்தில் தொர்கெல் வந்து உத்தரத்தை அண்ணாந்து பார்த்ததாகவும், பார்த்த பார்வை சரியில்லை என்றும், ஆகவே பத்திரமான இடத்துக்கு மாற்றியதாகவும் சொன்னார்.

“எந்த எடம்?”

“பரண்ல.”

“பரண்ல எங்க?”

“கணப்புக் குழாய்க்குப் பின்னால,” என்றார் எய்லிவ், சுவரைப் பார்த்து. “அங்க எவனும் கைய விடமாட்டான். சுடும்ல.”

ஆறு மாதம் இரவு பகலாகப் பிர்ச் விறகு எரிந்த குழாய். நூற்றைம்பது ஆண்டு ஈஸ்ட் அதற்குப் பின்னால் அப்பளமாகப் பொரிந்திருந்தது. குன்வோர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். சாறு நாளைக்குப் புளித்துவிடும், இன்றைக்கே மறுபடி ஒரு கொதி விட்டால் தப்பும், காலையில் வேறு ஈஸ்ட் போட்டால் வெள்ளிக்கிழமைக்குள் தயாராகும் என்று மட்டும் சொன்னாள். யாரிடம் போவது என்று சொல்லவில்லை. நடந்து போகிற தூரத்தில் இருந்தது ஒரே வீடுதான்.

எய்லிவ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடையைக் கடந்தார். அந்த இருபது அடி அகல ஓடை அன்றைக்கு ஃபியோர்டைவிடப் பெரிதாக இருந்தது. தொர்கெல் கோடரிக்குப் பிடி செதுக்கிக்கொண்டிருந்தார்.

“வாடா டிக்கெட்டு,” என்றார். “என் வீட்ல எவனாச்சும் சீட்டு எடுக்காம ஒளிஞ்சிருக்கானா?”

எய்லிவ் வந்த காரியத்தைச் சொன்னார். ஈஸ்ட் என்ற சொல்லைத் தவிர்த்து, கல்யாணத்தைப் பற்றியும் தொட்டியைப் பற்றியும் வானிலையைப் பற்றியும் சொன்னார். தொர்கெல் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காலையில் கொண்டுவருகிறேன் என்றார். ஏன் என்று கேட்கவில்லை, எப்படிச் செத்தது என்று கேட்கவில்லை, ஒரு கிண்டல்கூடச் செய்யவில்லை. எய்லிவின் சந்தேகம் கண் விழித்தது அப்போதுதான். முப்பத்தோரு ஆண்டில், கேட்டவுடன் சிரித்த முகத்தோடு டிக்கியைத் திறந்து காட்டியவர்கள் எல்லோரும் ஆளைப் பின்சீட்டுக்கு அடியில்தான் வைத்திருந்தார்கள்.

வாசல் வரை போனவரை தொர்கெல் கூப்பிட்டார். “நிபந்தனையெல்லாம் போடக்கூடாது, எனக்குத் தெரியும். சும்மா ஒரு ஆசைதான். மூடி தூக்குச்சுன்னா, தூக்குச்சுன்னு நாலு பேர் முன்னாடி சொல்லணும். நாப்பது வருஷமா என்னைப் பொய்யன்னு சொல்ற வாயி அது.”

இல்லாதது நடக்கப்போவதில்லை என்பதால் எய்லிவ் சரி என்றார்.

செவ்வாய் காலை ஏழு மணிக்கு தொர்கெல் வந்தார். கொதிவிட்டு ஆறிய சாறு பால் சூட்டில் காத்திருந்தது. தொர்கெல் பையிலிருந்து வளையத்தை எடுத்தார். எய்லிவ் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பழக்கதோஷத்தில் பின்பக்கமும் பார்த்தார். பிறகு முகர்ந்தார்.

ஆரஞ்சுத் தோல்.

தொர்கெல் வீட்டில் எதைக் கலப்பாரோ என்று பன்னிரண்டு ஆண்டுகளாக அங்கே ஒரு மிடறும் குடிக்காதவர் எய்லிவ். அந்த வாசத்தை அவர் எதிர்பார்க்கவே இல்லை. “இது என் வீட்டு ஈஸ்ட்டு,” என்றார். குரல் மெதுவாகத்தான் வந்தது. படகில் ஆளைப் பிடித்துவிட்டால் அவர் குரல் எப்போதும் இறங்கிவிடும்.

தொர்கெல் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். பிறந்ததிலிருந்து அவர் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான் என்பார்கள்.

“நான்தான் குடுத்தேன்,” என்றாள் குன்வோர், வாசலில் நின்றபடி. “பதினோரு வருஷமாச்சு. இவன் பொண்டாட்டி செத்தப்ப இவன் ஈஸ்ட்டு புளிச்சுப்போயிருந்துச்சு. நீ படகுல இருந்த. இவன் கேக்கக்கூட இல்ல, தொப்பியக் கையில வெச்சுக்கிட்டு அந்தா, அங்க நின்னான். ஒரு செதில் ஒடச்சுக் குடுத்தேன். உன்கிட்ட சொல்லியிருந்தா பதினோரு வருஷமும் விசாரணை நடத்தியிருப்ப.”

ஆக, அவர் சந்தேகம் சரி. பாதி வாழ்க்கை சந்தேகப்பட்டதில் ஒன்று கடைசியில் சரியாகிவிட்டது. தொர்கெலிடம் அவருடைய பொருள் இருந்தது. இருந்ததால்தான் யோருன்னின் கல்யாணத்துக்குப் பீர். இதை எந்தப் பக்கம் திருப்பி வைத்துக் கோபப்படுவது என்று எய்லிவுக்குப் பிடிபடவில்லை. யோசித்து, அவரால் முடிந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டார்: அப்படியானால் பாதிரியாரைத் தூக்கியது இந்த ஈஸ்ட் அல்ல. இது என் வீட்டு ஈஸ்ட், ஒழுக்கமானது, யாரையும் தூக்காது.

“எங்க வீட்ல பதினோரு வருஷம் இருந்துச்சுல்ல,” என்றார் தொர்கெல், பேச்சு திரும்பி வந்தவராக. “பழக்கம் ஒட்டியிருக்கும். சரி, எறக்கு. இந்தத் தடவையாச்சும் கத்து.”

ஒளிக்க இனி ஒன்றும் இல்லை. எய்லிவ் வளையத்தை இறக்கினார், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், கத்தினார். முப்பத்தோரு ஆண்டு பழகிய தொண்டை; அதிலிருந்து வந்தது ‘டிக்கெட்’ என்ற ஒரே சொல். எதிர் மலை அதைத் திருப்பிக் கேட்டது. துறையில் நின்றிருந்த இரண்டு பேர் சட்டைப்பையைத் தடவினார்களாம்.

ஆனால் சந்தேகம் அத்தோடு ஓய்ந்துவிடவில்லை, வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தது. தொர்கெல் மூடி தூக்கும் என்கிறார். தூக்காவிட்டால் வந்து தானே தூக்கிவைத்துவிட்டு, பார்த்தாயா என்பார். எய்லிவ் பார்லி மாவைப் பிசைந்து, மூடிக்கும் தொட்டிக்கும் நடுவில் சுற்றிலும் விரல்கனத்துக்கு அப்பி அடைத்தார். யாராவது தொட்டால் மாவில் தடம் தெரியும்.

புறப்பட்ட தொர்கெல் அதைப் பார்த்துவிட்டு நின்றார். “டேய், அது மூச்சு விடணும்டா. மாவ எடுத்துரு.”

எடுக்கச் சொல்கிறாரா? அதுவே போதும் எய்லிவுக்கு. மாவை இன்னொரு சுற்று அப்பினார். தொர்கெல் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். எய்லிவ் காப்பிக் குடுவையை எடுத்துக்கொண்டு மூடிமேல் ஏறி உட்கார்ந்தார். ஓக் பலகை மூடி, இரண்டு ஆள் தூக்கும் கனம். அதன்மேல் அவர் ஓர் ஆறடி. இனி எவன் வந்து தூக்குகிறான் பார்க்கலாம்.

பத்து மணிக்குக் கீழே முணுமுணுப்பு. பதினொன்றுக்குத் தொட்டிக்குள் மழை. பன்னிரண்டுக்கு ஆலங்கட்டி. உட்கார்ந்த இடம் கணகணவென்று சூடேறிற்று. பாதிரியாருக்கு மூட்டுவலி என்று சொன்னது உண்மையாக இருக்குமோ என்று ஒரு நொடி தோன்ற, அதை உடனே அடக்கினார். ஒரு மணிக்குத் தொட்டியின் இரும்பு வளையங்கள் ஒவ்வொன்றாக முனகின. குன்வோர் பின்கட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். கொட்டகையில் வேறு யாரும் இல்லை, பூனைகூட இல்லை.

இரண்டு மணிக்கு அவர் காப்பியை வாயருகே கொண்டுபோனார். காப்பி அங்கேயே நின்றது. வாய் மேலே போனது. உத்தரத்தில் தொங்கிய புகையிட்ட ஆட்டுத்தொடை, அதுவரை தலைக்கு மேலே இருந்தது, மெல்ல மெல்ல இறங்கி அவர் மூக்குக்கு நேரே வந்து நின்று குசலம் விசாரித்தது. ஆட்டுத்தொடை இறங்கவில்லை, தான்தான் ஏறுகிறோம் என்று அவர் கண்டுபிடிப்பதற்குள், அடைத்த மாவு கப்பல் சங்கு ஊதுவது போன்ற ஓசையோடு நான்கு திசையிலும் பிய்த்துக்கொண்டது. கொட்டகை முழுக்க நுரை. மூடி அவரை ஒரு பக்கமாகச் சாய்த்து, மரியாதையாகத் தரையில் இறக்கிவிட்டு, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. எவ்வளவு உயரம் என்பதில் இன்றும் அந்தப் பள்ளத்தாக்கில் ஒற்றுமை இல்லை. ஒரு விரல்கடை என்பவர்களும் உண்டு. ஆட்டுத்தொடையைக் கேட்டால்தான் தெரியும்.

எய்லிவ் இடுப்புவரை நுரையில் உட்கார்ந்து முதலில் செய்த காரியம், சுற்றிலும் பார்த்தது. யாரும் பார்க்கவில்லை. மாவுத் துண்டுகளைப் பொறுக்கினார், தரையைத் துடைத்தார், மூடியைத் தளர்வாக வைத்து ஒரு துணியைப் போட்டார். தொட்டியில் கால்வாசி போயிருந்தது; மிச்சம் கல்யாணத்துக்குப் போதும். கால்சட்டையை அலசிக் கொடியில் போட்டார். மத்தியானம் இரண்டரை மணிக்கு ஒரு கால்சட்டை எதற்காக ஆரஞ்சு வாசத்தோடு தொங்குகிறது என்று குன்வோர் கேட்கவே இல்லை. நுரை நன்றாக வந்ததா என்று தொர்கெல் புதன்கிழமை கேட்டு அனுப்பினார். வந்தது என்று பதில் போயிற்று. அவ்வளவுதான்.

சனிக்கிழமை கல்யாணம். பீர் எப்படி இருந்தது என்றால், பெர்கனிலிருந்து வந்தவர்கள் முதல் குவளைக்கு எய்லிவை ‘ஐயா’ என்றார்கள், மூன்றாவது குவளைக்கு ‘மாமா’ என்றார்கள், ஐந்தாவதுக்கு மாப்பிள்ளையின் சித்தப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பாட்டில் என்ற சொல்லை யாரும் உச்சரிக்கவில்லை. யோருன் அப்பா பக்கத்தில் வந்து தோளில் சாய்ந்துவிட்டுப் போனாள்.

மேசையின் மறுமுனையில் தொர்கெல் பாதிரியார் கதையை எடுத்தார். பெர்கன்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா, மரியாதையான மனிதர், நல்ல கற்பனை என்று பாராட்டினார். ஊர்க்காரர்கள் சிரிக்கவில்லை, வழக்கம்போல் எய்லிவ் பக்கம் திரும்பினார்கள். ‘பொய்’ என்று அவர் சொல்ல வேண்டும், பிறகு எல்லோரும் சிரிக்க வேண்டும், நாற்பது ஆண்டுகளாக அதுதான் முறை.

தொர்கெல் அவரைப் பார்க்கவில்லை. தன் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். யார் வீட்டு ஈஸ்ட் யாரிடம் இருந்தது, யார் ஓடையைக் கடந்து வந்தார் என்று அந்த மேசையில் ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து வரவில்லை. அந்த வாயிலிருந்து வராமல் இருந்ததே பெரிய அதிசயம். எய்லிவ் ‘பொய்’ என்றால் அத்தோடு முடிந்தது. சாட்சி கிடையாது. முப்பத்தோரு ஆண்டில் இவ்வளவு பத்திரமாக ஒளிந்த பயணி ஒருவன்கூட அவர் படகில் ஏறியதில்லை.

எய்லிவ் எழுந்தார். குவளையைக் கீழே வைத்தார்.

“பாதிரியாரப் பத்தி எனக்குத் தெரியாது,” என்றார். “செவ்வாக்கெழம ரெண்டு மணிக்கு என்னைத் தூக்குச்சு.”